களம் கண்ட ஆசிரியர்

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவர்களின் பெயர்கள் மக்கள் நாவில் நிலைக்கின்றன. அவர்களை உருவாக்கியவர்களின் பெயர்களோ விரைவில் மறக்கப்படுகின்றன. ஆசியக் கால்பந்தில் இந்தியா முதன்மை பெற்றிருந்த காலம் ஒன்றுண்டு. அக்காலத்தை உருவாக்கியவர், பள்ளி ஆசிரியராகத் தம் பணியைத் தொடங்கிய ஒருவர். தோல்வியைப் பாடமாகப் படித்து, அதையே மாணவர்களுக்கும் கற்பித்த சையது அப்துல் ரகீமின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளியும் களமும்

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். கல்லூரி நாள்களிலேயே சிறந்த கால்பந்து வீரராக விளங்கிய அவர், பின்னர் உள்ளூர்க் கழக அணிகளிலும் ஆடினார். படிப்பை முடித்ததும் அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியப் பணியை. ஐதராபாத் நகரின் பள்ளிகள் சிலவற்றில் பாடம் நடத்திய அவர், உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

அந்நாளில் நம் நாட்டில் கால்பந்து ஆடிப் பிழைப்பு நடத்துதல் எளிதன்று. காவல்துறை, இரயில்வே, இராணுவம் போன்றவற்றில் வேலை பெற்று, அவற்றின் அணிகளுக்காக ஆடுவதே வீரர்களின் வழக்கமாக இருந்தது. ரகீமோ வகுப்பறையில் கற்றுக்கொண்ட கற்பிக்கும் கலையைக் களத்திற்குக் கொண்டு சென்றார். மாணவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கண்டறிந்து, அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவது நல்லாசிரியர் இயல்பு. அவ்வியல்பே அவருடைய பயிற்சி முறையின் அடிப்படையாக அமைந்தது.

1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்கால வீரர்கள் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வதில் பெருமை கொண்டனர். காண்பதற்கு இனிய அவ்வித்தை, அணியின் வேகத்தைக் குறைப்பதை ரகீம் கண்டார். ஆகவே, பந்தைக் கடத்திச் செல்லாமல் உடனுக்குடன் தோழருக்கு அளித்தே ஆட வேண்டும் என்னும் விதியுடன் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுடையோர் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்னும் விதியுடனும் போட்டிகள் நடந்தன. எந்தக் கால் வலிவற்றதோ அந்தக் காலுக்கே பயிற்சி என்பது அவர் கொள்கை.

காவல்துறை அணியின் எழுச்சி

1950ஆம் ஆண்டு ரகீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரானார். கொல்கத்தாவே கால்பந்தின் தலைநகராகக் கருதப்பட்ட காலம் அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பெருங்கழகங்களுக்கு நிகராகத் தெற்கிலிருந்து ஓர் அணி எழும் எனப் பலர் எதிர்பார்க்கவில்லை. ஆனால், ஐதராபாத் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. நாட்டின் மிகப் பழைமையான கால்பந்துப் போட்டியாகிய டூரண்ட் கோப்பையும் பலமுறை அதன் வசமாயிற்று.

இவ்வெற்றிகள் ரகீமை இந்திய அணியின் பயிற்றுநர் நிலைக்கு உயர்த்தின. 1951ஆம் ஆண்டு புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. சைலன் மன்னாவின் தலைமையில் ஆடிய இந்திய அணி, இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளும் நிறைவுறாத நாட்டிற்கு அவ்வெற்றி பெருமிதம் அளித்தது.

ஹெல்சிங்கி தந்த பாடம்

அப்பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யூகோஸ்லாவியாவை எதிர்கொண்டு 1-10 என்னும் கணக்கில் படுதோல்வி அடைந்தது. பின்லாந்தின் குளிரில் இந்திய வீரர்கள் சிலர் காலணியின்றி வெறுங்காலுடன் ஆடினர்.

வெறுங்கால் ஆட்டம் அந்நாளில் ஏழ்மையின் அடையாளமாக மட்டும் கருதப்படவில்லை. 1911ஆம் ஆண்டு மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, காலணி அணிந்த ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்றிருந்தனர். அதுமுதல் வெறுங்கால் ஆட்டம் நாட்டுப் பெருமையோடு பிணைந்துவிட்டது. பெருமையைக் கைவிடுதல் எவருக்கும் எளிதன்று. எனினும், ஹெல்சிங்கித் தோல்வி மறுக்க முடியாத உண்மையை உணர்த்தியது. அதன்பின் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

பத்து கோல்கள் வாங்கிய அணியின் பயிற்றுநர் என்னும் பழியை ரகீம் சுமக்க நேர்ந்தது. ஆனால் அவர் குளிரையோ விதியையோ காரணம் காட்டி ஒதுங்கவில்லை. தம் அணி எங்கே பின்தங்கியது என்று ஆராய்ந்தார். அக்காலத்தில் உலகை வியக்கவைத்த ஹங்கேரி அணியின் ஆட்டமுறையைக் கருத்தூன்றிக் கற்றார். நடு முன்கள வீரர் எப்போதும் எதிரணியின் கோலருகே நிற்க வேண்டியதில்லை. சற்றுப் பின்னே நின்று ஆடினால், அவரைத் தொடரும் தற்காப்பு வீரர் தம் இடத்தை விட்டு விலகுவார். அவ்விடைவெளியில் பிறர் புகலாம். இந்நுட்பத்தை ரகீம் தம் வீரர்களுக்குப் பயிற்றுவித்தார்.

மெல்போர்ன் வெற்றி

நான்கு ஆண்டு உழைப்பின் பயன் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே இந்தியா 4-2 என்னும் கணக்கில் வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்களும், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தனர். ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்னும் சிறப்பை இந்தியா பெற்றது.

அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியாவே எதிரணி. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா. இறுதியில் 1-4 எனத் தோற்றாலும், நான்கு ஆண்டுகளுக்குமுன் பத்து கோல்கள் வாங்கிய அணியா இது என்று கண்டோர் வியந்தனர். இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலும் ரகீமின் அணி ஹங்கேரியிடம் 1-2 என்றே தோற்றது; பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது.

ஜகார்த்தாவில் இறுதிப் பாடம்

1962ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போது ரகீமின் உடலை நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. சூழலும் உகந்ததாக இல்லை. இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதனை இந்தியரான விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி கண்டித்தார். அதனால் எழுந்த சினம் இந்திய வீரர்கள் மீதும் பாய்ந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அரங்குகளில் இந்திய அணியை நோக்கி ஏளனக் குரல்கள் எழுந்தன.

முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்றாலும், அவ்வாட்டத்தில் தற்காப்பு அரணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. தலையில் கட்டுடன் இருந்தவரைத் தற்காப்பில் நிறுத்துவது கடினம் என்பதால், ரகீம் அவரை முன்களத்திற்கு மாற்றினார். தற்காப்பின் நடுவிடத்தை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். துணிவான அம்மாற்றம் பலன் தந்தது. தென்வியட்நாமை 3-2 என வென்று இந்தியா இறுதியாட்டத்தை அடைந்தது.

எதிரே நின்றது முதலாட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியா. 1956, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியக் கோப்பையை வென்ற அணி. இறுதியாட்டத்திற்கு முந்தைய இரவு, ரகீம் தம் வீரர்களிடம் தங்கப் பதக்கம் ஒன்றையே தமக்குப் பரிசாகக் கேட்டார் என்பர். காய்ச்சலால் ஓய்விலிருந்த நெடிய உருவினரான கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜை மீண்டும் களமிறக்கினார். மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர் தங்கராஜ்.

செப்டம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்ட அரங்கில் ஆட்டம் தொடங்கியது. இந்தியர்க்கு ஆதரவாகக் குரல் கொடுத்த மிகச் சிலருள் பாகிஸ்தான் வளைகோற்பந்து அணியினரும் இருந்தனர். பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சற்று நேரத்தில் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் திருப்பியது. எனினும் 2-1 என்னும் கணக்கில் இந்தியா வென்றது. சுனி கோஸ்வாமியின் தலைமையில் ஆடிய அவ்வணி ரகீம் கேட்ட பரிசை அளித்தது.

மாணவர் வழி வாழ்வு

ஒன்பது திங்கள் கழித்து, 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பயிற்றுநர்களைப் பெருமைப்படுத்தும் துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அவரது வாழ்க்கை திரைப்படமாக வெளிவந்ததும் 2024ஆம் ஆண்டில்தான்.

ஆயினும் அவரிடம் கற்றவர்கள் பாடத்தைத் தொடர்ந்தனர். பி. கே. பானர்ஜி பயிற்றுநராகிப் புதிய தலைமுறை வீரர்களை உருவாக்கினார். 1970ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றபோது அவர் பயிற்றுநர் பொறுப்பில் இருந்தார். ரகீமின் மகன் சையது சாகித் ஹக்கீம், ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்று, பின்னர் பன்னாட்டு நடுவராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார்.

1962ஆம் ஆண்டிற்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை. 1960ஆம் ஆண்டிற்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதும் இல்லை. ஓர் ஆசிரியரின் இடம் வெறுமையாகும்போது நேரும் இழப்பை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. வலிவற்ற காலையே முதலில் பழக்க வேண்டும் என்று ஐதராபாத்தின் மைதானங்களில் அவர் கற்பித்த பாடம், கால்பந்து ஆடாதவர்க்கும் உரியதே.

கற்பவை கற்றபின்

1. ஹெல்சிங்கித் தோல்வி இந்தியக் கால்பந்தில் ஏற்படுத்திய மாற்றங்களைத் தொகுத்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் விளையாட்டு வீரர்களை உருவாக்கும் பயிற்றுநர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய பயிற்சி முறை குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.