ஜாமினி ராயின் வாழ்வில் வண்ணப்பொருள் தேர்வு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டு இந்திய ஓவியர்களுள் ஜாமினி ராய் (1887–1972) பெரிதும் அறியப்பட்டவர். நீண்ட மீன்வடிவக் கண்களும் தடித்த கருங்கோடுகளும் சமதளமாகப் பரவிய வண்ணங்களும் அவருடைய ஓவியங்களைப் பார்த்த அளவிலேயே அடையாளங்காட்டுவன. இப்பாணி வங்க நாட்டுப்புறக் கலையின் தாக்கத்தால் உருவானது என்பது பொதுவான கருத்து. அக்கருத்து சரியானதே; எனினும் முழுமையானதன்று. நடுவயதில் அவர் எண்ணெய் வண்ணத்தையும் கித்தானையும் விடுத்து மண்ணையும் புளியங்கொட்டைப் பசையையும் கைக்கொண்டார். அவருடைய கோட்டின் இயல்பையும், ஓவியத்தின் விலையையும், அதனை வாங்குவோர் யார் என்பதையும் இப்பொருள்மாற்றமே பெருமளவு தீர்மானித்தது. அவருடைய வாழ்க்கையை இவ்வொரு தெரிவின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பள்ளிப் பயிற்சி

வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்திலுள்ள பேலியாதோர் என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜாமினி ராய் பிறந்தார். நிலவுடைமைக் குடும்பம் அவருடையது. செம்மண் நிலமும், மண்பாண்டம் வனைவோரும், சுடுமண் பொம்மை செய்வோரும், படச்சுருள்களை விரித்துக் கதைபாடும் பட்டுவா ஓவியர்களும் நிறைந்த வட்டாரம் அது. சுடுமண் சிற்பப் பலகைகளுக்குப் பெயர்பெற்ற பிஷ்ணுபூர்க் கோயில்கள் அதே மாவட்டத்தில் உள்ளன.

பதினாறாம் வயதில் அவர் கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் அப்பள்ளிக்குத் தலைமை வகித்தவர் ஈ. பி. ஹாவெல். அதற்கு முன்னர்ச் சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவர் அவர். இந்திய மரபுக் கலைகளுக்குப் பாடத்திட்டத்தில் இடம் தேட ஹாவெலும் துணைமுதல்வர் அவனீந்திரநாத் தாகூரும் முயன்றுவந்தனர். ஆயினும் மாணவர் ஒருவர் தொழில்முறை ஓவியராக வெளியேறுவதற்கு ஐரோப்பியக் கல்விமுறைப் பயிற்சியே வழியாக இருந்தது. ஜாமினி ராய் அதில் தேர்ச்சிபெற்று 1908ஆம் ஆண்டு பட்டயம் பெற்றார். அதன்பின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் வரைந்து பொருளீட்டினார். நகரத்துச் செல்வர்களிடையே உருவப்படங்களுக்குத் தேவை இருந்தது. அவற்றை வரைவதில் அவருக்குத் திறமையும் இருந்தது.

எண்ணெய் வண்ணத்தைக் கைவிடுதல்

1920களின் தொடக்கத்தில் அவர் சந்தால் பெண்களை ஓவியப்பொருளாகக் கொண்டார். அவனீந்திரநாத் வழிவந்த ஓவியர்களின் மென்கழுவல் முறையையும் முயன்று பார்த்தார். அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அவருடைய கவனம் காளிகட் படங்களின்பால் சென்றது. காளிகோயிலின் சுற்றுப்புறத்தில் யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்ட இப்படங்கள் மலிவான ஆலைத்தாளில், நீர்வண்ணத்தில், விரைந்தோடும் தூரிகைக் கோடுகளால் ஆனவை. அவற்றிலும் நகரத்தின் சாயல் மிகுந்திருப்பதாகக் கருதிய அவர், பின்னர்ப் பாங்குரா, மேதினிபூர்ப் பகுதிகளின் சிற்றூர்ப் பட்டுவாக்களை நாடினார்.

இக்காலத்தில்தான் எண்ணெய் வண்ணத்தை அவர் துறந்தார். உருவப்படப் பணிகளும் அவற்றோடு கிடைத்த வருவாயும் நின்றன. குடும்பம் வறுமையில் உழன்றது. நாற்பதை நெருங்கிய வயதில், கைவந்த தொழிலை விட்டுவிட்டு, வாங்குவோர் இன்னும் உருவாகாத ஒரு முறையை அவர் மேற்கொண்டார்.

இம்முடிவைச் சுதேசி உணர்வின் விளைவாக மட்டும் விளக்குவது பொருந்தாது. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசி இயக்கம் 1905ஆம் ஆண்டு எழுந்தபோது அவர் கலைப்பள்ளி மாணவர். அயல்நாட்டுப் பொருள் என்பதே காரணமாயின், எண்ணெய் வண்ணத்தை அவர் அப்போதே விட்டிருக்கலாம். அவ்வாறன்றி, அதனை முற்றிலும் கற்று, அதனால் வாழ்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே விடுத்தார். எனவே பொருளின் பிறப்பிடத்தைக் காட்டிலும் அதன் தன்மை அவரைச் சிந்திக்கச் செய்திருக்கவேண்டும் எனக் கருத இடமுண்டு.

எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. ஈரமாக உள்ளபோதே ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைத்து, ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கலாம். முகத்தின் திரட்சியையும் துணியின் மடிப்பையும் கண்முன் நிறுத்துதற்கு ஏற்ற பொருள் அது. கோட்டையும் சமதளத்தையும் நாடும் ஓவியருக்கோ அந்த மென்மை தேவைப்படுவதில்லை.

ஏழு நிறங்கள்

ஜாமினி ராய் தம் வண்ணத்தட்டினைப் பெரும்பாலும் ஏழு நிறங்களுக்குள் சுருக்கிக்கொண்டார். செங்காவி, மஞ்சட்காவி, பச்சை, சாதிலிங்கச் சிவப்பு, சாம்பல், நீலம், வெள்ளை ஆகியன அவை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் கல்லும் மண்ணும் பொடியாக்கப்பட்டன. சாம்பல் நிறத்தை ஆற்று வண்டல் தந்தது. நீலத்தை அவுரி தந்தது. வெள்ளைக்குச் சாதாரணச் சுண்ணக்கட்டி போதுமாயிற்று. புறக்கோடுகளுக்கு விளக்குப் புகைக்கரி பயன்பட்டது. இப்பொடிகளைப் பரப்பில் பற்றவைக்கும் பிணைப்பாகப் புளியங்கொட்டைப் பசை அமைந்தது. பட்டுவாக்கள் கையாண்டுவந்த பொருள்களே பெரும்பாலும் இவை.

பசையில் குழைத்த மண்நிறம் விரைவில் உலரும். உலர்ந்தபின் பளபளப்பின்றி, ஒளி ஊடுருவாது நிற்கும். ஒரு நிறத்தை மற்றொன்றில் இழைப்பதற்கு அது நேரம் தாராது. ஆகவே ஒவ்வொரு நிறமும் தனக்குரிய எல்லைக்குள் நிற்கவேண்டும். அவ்வெல்லையைக் கோடு வகுத்தாகவேண்டும். தயக்கத்தோடு இழுக்கப்பட்ட கோடு அங்கே மறையாது. உருவப்படத்தில் நிழல் ஆற்றிய பணியை அவருடைய பிற்கால ஓவியங்களில் கோடு ஏற்றுக்கொண்டது. இதற்கு அவருடைய மனவிருப்பத்தோடு பொருளின் கட்டாயமும் காரணமாயிற்று. நிறங்களின் எண்ணிக்கை குறைந்தமையால், ஒரு நிறத்தை மற்றொன்றின் அருகில் வைக்கும் தீர்மானத்தின் எடையும் கூடியது.

தளங்களின் தெரிவிலும் இதே நோக்கம் தென்படுகிறது. கடையில் விற்ற கித்தானுக்கு மாற்றாகத் துணி, மரப்பலகை, சுண்ணாம்பு பூசிய பாய் போன்றவற்றை அவரே ஆயத்தப்படுத்திக்கொண்டார். பாயின் நெசவு வரிகள் வண்ணத்தின் ஊடே புலப்படும் ஓவியங்களில் தளமும் வடிவத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

கருப்பொருளைப் பொறுத்தவரை இத்தகைய எல்லையை அவர் வகுத்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணன், பலராமன், இராமாயண நிகழ்ச்சிகள், தாயும் சேயும், பூனையும் மீனும் இடம்பெற்ற அதே மண்நிறங்களில் இயேசுவின் வாழ்வும் தீட்டப்பட்டது. உள்ளூர்ப் பொருளைத் தேர்ந்தமை உள்ளூர்க் கதைக்குள் அடங்குவதாகாது என்பதற்கு இவ்வோவியங்கள் சான்றாகும்.

விலையும் வாங்குவோரும்

பொருள்கள் மலிந்தமையால் ஓவியத்தையும் குறைந்த விலைக்குக் கொடுக்க இயன்றது. நடுத்தரக் குடும்பத்தினரும் தம் ஓவியங்களை வாங்கவேண்டும் என்பது ஜாமினி ராயின் விருப்பம். ஒரே படத்தைப் பலமுறை வரையவும் அவர் தயங்கவில்லை. வீட்டிலேயே பட்டறை அமைத்து, குடும்பத்தாரின் துணையோடு பணியாற்றினார். ஓவியம் ஒருவரின் தனிக்கையெழுத்து என்னும் கருத்தைவிடக் கைவினைஞர் குடும்பத்தின் கூட்டு உழைப்பு என்னும் மரபையே இம்முறை ஒத்திருந்தது.

புகழ் மெல்ல வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்த அயல்நாட்டுப் படைவீரர் பலர் அவருடைய ஓவியங்களை வாங்கிச் சென்றனர். 1946இல் இலண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடைபெற்றன. 1954இல் பத்மபூஷண் விருதும் 1955இல் லலித் கலா அகாதெமியின் உயர் உறுப்பினர் மதிப்பும் அவருக்கு வழங்கப்பட்டன. புகழ் வந்த பின்னரும் பழைய எண்ணெய் வண்ணத்திற்கு அவர் தொழில்முறையில் திரும்பவில்லை. வறுமையே அவரை மலிந்த பொருளுக்குத் தள்ளியது எனக் கொள்வோர்க்கு இது மறுமொழியாகும். உண்மையில் பொருள்மாற்றம் முந்தியது. வறுமை அதன் பின்னரே வந்தது.

தெரிவின் இழப்புகள்

இத்தெரிவுக்குரிய இழப்புகளையும் கருதவேண்டும். பசைவழி நிறங்கள் ஈரத்தைத் தாங்குவதில்லை. இத்தகைய பசையைப் பூச்சிகளும் நாடும். வங்காளத்தின் மழைக்காலக் காற்றில் இத்தகைய ஓவியங்களைக் காப்பது எளிதன்று. மேலும், பட்டறை முறையாலும் மறுபடிகளாலும் எந்த ஓவியம் அவருடைய கையால் ஆனது என உறுதிசெய்வது கடினமாயிற்று. போலிகள் பெருகுதற்கும் அது இடந்தந்தது. வடிவங்கள் மீளமீள வருவதைச் சுட்டி, அவர் ஒரு வாய்பாட்டுக்குள் அடங்கிவிட்டார் எனக் குறைகூறிய திறனாய்வாளரும் உளர். நிறத்தையும் முறையையும் சுருக்கிக்கொண்ட ஒருவர் எதிர்கொள்ளவேண்டிய இடர் அது. எனினும், பலரிடம் சேரவேண்டும் என்ற நோக்கத்தையும் அதற்கு இன்றியமையாத மறுபடி முறையையும் பிரித்துப் பார்த்து, முன்னதைப் போற்றிப் பின்னதை மட்டும் பழிப்பது முறையாகாது.

முடிவுரை

ஜாமினி ராய் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்கீழ் அவருடைய படைப்புகள் பின்னர்த் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. நாட்டைவிட்டு அவற்றை வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. எளியோர் வீட்டுச் சுவருக்கென வண்டலும் சுண்ணக்கட்டியும் கொண்டு குறைந்த விலையில் ஆக்கப்பட்டவை இன்று செல்வர்களும் அருங்காட்சியகங்களும் மட்டுமே வாங்கக்கூடியனவாகிவிட்டன. விலை குறித்த அவருடைய நோக்கம் காலத்தால் நிலைபெறவில்லை. பொருள்தெரிவின் வழியே அவர் அடைந்த கோடும் தளமும் நிலைபெற்றன. எதை வரைவது என்பதற்கு முன்னரே எதனால் வரைவது, யாருக்காக வரைவது என்னும் வினாக்களுக்கு விடைகண்டு, அவ்விடைக்குரிய இழப்பையும் ஏற்றுக்கொண்டமையே அவருடைய வாழ்வின் தனிச்சிறப்பு எனலாம்.