பெரியாற்றின் நீர்மட்டம் பார்த்தவர்



மதுரையில் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் நம்மில் பலருடைய கண் முதலில் போவது ஒரு சிறிய கட்டத்துக்கு. பெரியாறு அணை இத்தனை அடி, வைகை அணை இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு என்று நாலைந்து வரிகள் அதில் இருக்கும். மேலூர்ப் பக்கம் நாம் பங்குப் பணி செய்த நாட்களில், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும் விவசாயிகள் முதலில் பேசிக்கொள்வது அந்த எண்ணைப் பற்றித்தான். நம் மறையுரையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் நாற்றுப் பாவிவிட்டுக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அன்றைய நற்செய்தி எது என்று நமக்கும் தெரியும்.

அந்த நீரை நம் பக்கம் திருப்பிய ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையைத்தான் இன்று சற்று நினைத்துப் பார்க்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் அங்கு உண்டு. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். மதுரை தல்லாகுளத்தில் பொதுப்பணித் துறை வளாகத்தில் அவருடைய சிலை 2000 ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. இவ்வளவு தெரிந்தவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்கலாம். சிலையைப் பார்க்கும்போது மறைந்துவிடுகிற ஆற்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளையோரை அழைத்துக்கொண்டு தேக்கடிக்குப் போயிருந்தோம். படகில் ஏறியதும் பிள்ளைகள் யானையைத் தேட ஆரம்பித்தார்கள். நம் கண்ணில் பட்டவை மரக்கட்டைகள்தான். ஏரியின் நடுவே கறுத்துப்போன அடிமரங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. 1895 ஆம் ஆண்டு நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை என்று படகோட்டி சொன்னார். நீர் நிறைய இருக்கும்போது கட்டைகள் அடியில் மறைந்துவிடும். குறையும்போது ஒவ்வொன்றாகத் தலை காட்டும். எந்த இடத்தில் எந்தக் கட்டை எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் படகை வளைத்து வளைத்து ஓட்டினார். நேற்றுப் போன வழி இன்று இருக்காது என்றார். ஏரி என்று நாம் சொன்னாலும் அதன் அடியில் கிடப்பது ஓர் ஆறு என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அந்த ஆறு சிவகிரி மலைகளில் பிறந்து, அடர்ந்த காட்டினூடே மேற்கே ஓடி, அரபிக் கடலில் சேருகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டுகிறது. கிழக்கே நம் பக்கம் கம்பம், ஆண்டிபட்டி, மதுரை, இராமநாதபுரம் என்று சமவெளி வறண்டு கிடக்கிறது. இடையில் ஒரு மலை முகடுதான். அதைக் குடைந்தால் போதாதா என்ற எண்ணம் ஆங்கிலேயர் மூளையில் உதித்ததன்று. 1789 ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பபிள்ளை ஆட்களை அனுப்பி அந்த இடத்தைப் பார்த்துவரச் செய்தார். பணம் இல்லாமல் நின்றுவிட்டது. 1808 இல் கால்டுவெல் என்ற படைப் பொறியாளர் பார்த்துவிட்டு இது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். (இவர் திருநெல்வேலிக் கால்டுவெல் அல்ல, வேறொருவர்.) 1850 இல் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கி, காய்ச்சலாலும் கூலிச் சிக்கலாலும் கைவிடப்பட்டது.

பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 ஆம் நாள் புனேயில் பிறந்தவர். தந்தையும் படைத் தளபதி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் நடந்த போரில் தந்தை கொல்லப்பட்டார். பதினேழு வயது அண்ணனும் அதே களத்தில், அதே நாளில் இறந்தான். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. அந்தப் பிறந்தநாள் அவர்கள் வீட்டில் எப்படிக் கழிந்ததோ! பின்னர் அவரும் இங்கிலாந்தில் படித்து, ஆடிஸ்கோம்ப் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1860 இல் சென்னைப் பொறியாளர் படைக்கு வந்து சேர்ந்தார். 1868 இல் அபிசீனியப் படையெடுப்புக்குப் போய்த் திரும்பினார். 1879 இல் திருமணம், மனைவி ஜார்ஜியானா. ஐந்து பெண்களும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

இதற்கிடையே 1876 இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது, கிணறு வற்றியது. இலட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் போனார்கள். அதுவரை கோப்புகளில் தூங்கிய பெரியாற்றுத் திட்டத்தை அரசு தூசு தட்டியது அதற்குப் பின்தான். சாகும் மக்கள் மீது இரக்கம் ஒரு பக்கம் இருந்திருக்கலாம். நிலவரி போய்விட்டதே என்ற கவலை மறுபக்கம் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. 1882 இல் புதிய திட்டம் வரையும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். மகாராஜா மகிழ்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதுவன்று. 1887 இல் வேலை தொடங்கியது.

முந்தைய பொறியாளர்கள் மண் அணை கட்டலாம் என்று வரைந்திருந்தார்கள். பென்னிகுவிக் அதை ஏற்கவில்லை. காரணம் எளியது. காட்டாறு இன்று முழங்கால் அளவு ஓடும். நாளை மலையில் பெரிய மழை பெய்தால் இரவோடு இரவாக ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிடும். அணை பாதி எழும்பிய நிலையில் வெள்ளம் மேலேறினால் மண் கரைந்து ஓடிவிடும். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரே இரவில் போய்விடும். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் கட்டினால் வெள்ளம் தலைக்கு மேல் ஏறிப் போனாலும் கட்டிய பாகம் அங்கேயே நிற்கும், வடிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் பொடி. அது சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும் தன்மை வருகிறது. ஆற்றைத் தோற்கடிக்க முடியாது, ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதைத் தன் மேல் நடந்து போக விடவேண்டும் என்று கணக்குப் போட்டே அவர் ஆரம்பித்தார். அந்த மனிதரின் இயல்பை இந்த ஒரு முடிவில் பார்த்துவிடலாம் என்பது நம் எண்ணம்.

ஆனால் கணக்குப் போட்டவருக்கும் ஆறு பாடம் நடத்தியது. அடித்தளம் போடவேண்டுமானால் முதலில் நீரை ஒதுக்கித் தரையைக் காயவிட வேண்டும். அதற்காக மரத்தாலும் மண்ணாலும் தற்காலிகத் தடுப்புகள் கட்டினார்கள். கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். சென்னைப் படையின் பயனியர் பட்டாளத்தாரும் கம்பம் பள்ளத்தாக்குக் கூலியாட்களும் மண் சுமந்தார்கள். வெள்ளம் வந்து தடுப்பை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். மறுபடி போனது. இப்படித் திரும்பத் திரும்ப நடந்தது.

பொருள்கள் வந்து சேர்ந்ததே தனிக்கதை. அம்மையநாயக்கனூர் வரைதான் இரயில். அங்கிருந்து மாட்டு வண்டி. கூடலூருக்கு அருகே குருவனூத்தில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் கம்பிவட ஊர்தியில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றினார்கள். அங்கிருந்து அணைக்கட்டுக்குக் காட்டுவழி. ஓரிடத்தில் ஓடையையே தேக்கிப் படகு செல்லும்படி ஆக்கிக்கொண்டார்கள். நீர் மட்டம் குறைந்தால் படகு தரை தட்டும், கூடினால் இழுத்துக்கொண்டு போகும். யானைக் காடு அது. இரவில் தீ மூட்டி வைத்துக்கொண்டுதான் தூங்க முடியும்.

வெள்ளத்தையும் யானையையும் கண்ணால் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத எதிரி மலேரியா. அந்தக் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 இல்தான், அணை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை காட்டின் கெட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்தார்கள். தேங்கிய குட்டைகளின் பக்கத்திலேயே குடிசை போட்டுப் படுத்தார்கள். சாராயம் இல்லையென்றால் இந்த அணை முடிந்திருக்காது என்ற பொருளில் உடன் வேலை செய்த ஒரு பொறியாளரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். மதுவிலக்குக் கூட்டங்களில் பேசுகிற நமக்கு இதை எழுதச் சற்றுச் சங்கடந்தான். குளிரிலும் நடுக்கத்திலும் கிடந்த அந்த மக்களுக்கு வேறு என்ன இருந்தது என்றும் யோசிக்கிறோம்.

நோயால் இறந்தவர்கள் என்று கணக்கில் உள்ளவர்கள் 483 பேர். அணைக்கு அருகிலேயே கல்லறைகள் இருக்கின்றன. கணக்கில் வராதவர்கள் எத்தனை பேரோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். பெயர் எழுதிய சிலுவை வெள்ளைக்காரருக்கு நடப்பட்டிருக்கும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் கூடை தூக்கிக்கொண்டு போன பெண்ணுக்கு யார் நட்டிருப்பார்கள்? நவம்பர் இரண்டாம் தேதி நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவர்களும் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

பென்னிகுவிக்கைப் பற்றி மக்கள் அதிகம் சொல்லும் கதை ஒன்று உண்டு. வெள்ளம் அணையை அடித்துக்கொண்டு போனதும் அரசு பணம் தர மறுத்துவிட்டதாம். அவர் மனைவியின் நகைகளையும் சொத்தையும் விற்று அணையைக் கட்டி முடித்தாராம். மேடைகளில் நாமும் இதைச் சொன்னவர்கள்தான். ஆனால் கணக்கைப் பார்த்தால் பொருந்தவில்லை. அணைக்கும் குகைக்கும் கால்வாய்களுக்குமாக அரசு செலவிட்டது எண்பது இலட்சம் ரூபாய்க்கும் மேல். ஒரு படை அதிகாரியின் வீட்டு நகைகளால் நிரம்புகிற குழி அல்ல அது. தாலிச் சங்கிலியை அடகு வைத்து விதைநெல் வாங்குகிற மக்கள், தங்களுக்கு நீர் கொடுத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று அன்பினால் நம்பிக்கொண்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. நகையை விற்காவிட்டாலும் அவருடைய பெருமையில் குறைவில்லை. எட்டு ஆண்டுகள் ஓடிய வேலையைக் கைவிடாமல் முடித்தாரே, அது போதாதா?

அணை ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி உயர்ந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் நீளமான குகைவழி வெட்டினார்கள். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மேற்குக் கடலுக்குப் போக இருந்த நீர் கிழக்கே திரும்பி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வைகையில் கலந்தது. பேரணையில் பிரிந்து கால்வாய் வழியே வாடிப்பட்டி, மேலூர் என்று பாய்ந்தது. மானாவாரியில் கேழ்வரகும் சோளமும் விதைத்த ஊர்கள் நெல்லைக் கண்டன.

மறு ஆண்டே அவர் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். ஆனால் ஆறுகள் அவரை விடவில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆறு 1893 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் மூன்று முறை பொங்கி, பாலங்களைப் பிடுங்கி எறிந்திருந்தது. அந்த வெள்ளத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று அவரை அழைத்தார்கள். 1899 இல் அறிக்கை எழுதிக் கொடுத்தார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். அருகே ஃபிரிம்லி ஊரின் புனித பேதுரு கோவில் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். நம் தமிழக அரசு 2013 இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தது, 2022 இல் கேம்பர்லியிலேயே சிலை வைத்தது.

அவர் வைத்த முழு மட்டம் 152 அடி. அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 1979 இல் அது 136 ஆகக் குறைக்கப்பட்டது. 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் சொல்லி, 2014 மே மாதத்தில் மீண்டும் உறுதி செய்தது. அந்த ஆண்டு நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நீர் 142 ஐத் தொட்டது. நம் பக்கம் இனிப்பு வழங்கினார்கள்.

அப்போது நம் பங்கில் இருந்த ஓர் அம்மாவின் தங்கையை வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அணைக்குக் கீழே, ஆற்றங்கரைப் பக்கம் வீடு. தமிழ்க் குடும்பம்தான். அந்த வாரம் முழுவதும் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்களாம். அக்காவுக்கு மேலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர். மழை பிடித்தால் தங்கை போன் செய்வாள். "இன்னைக்கு எத்தனை அடிக்கா?" என்பாள். இவர்கள் பேப்பரைப் பார்த்துச் சொல்வார்கள். கூடியிருந்தால் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்குவேன் சாமி என்று அந்த அம்மா நம்மிடம் சொன்னார்.