அடித்த வரிகளில் பிறந்த சித்திரங்கள்

எழுதிய வரி சரியில்லை என்றால் அதை அடித்துவிட்டு மேலே எழுதுகிறோம். அடித்த இடம் பக்கத்துக்கு ஒரு குறையாகவே நிற்கும். அந்தக் குறையிலிருந்தே ஒரு கலையை உண்டாக்கியவர் மகாகவி ரவீந்திரநாத் தாகூர்.

1861 மே 7-ந் தேதி கல்கத்தாவில், ஜோராசங்கோ மாளிகையில் பிறந்தவர் தாகூர். கவிதை, நாடகம், நாவல், இசை என்று தொட்ட துறையிலெல்லாம் துலங்கினார். 1913-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் சித்திரம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அண்ணன் மகன்முறையான அவனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் ஓவியத்தில் பெயர் பெற்று விளங்கினர். தாகூரோ, பென்சிலைவிட ரப்பருக்கே தம்மிடம் வேலை அதிகம் என்று 1900-ல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸுக்கு வேடிக்கையாக எழுதினார். 1919-ல் சாந்தி நிகேதனத்தில் கலா பவனத்தைத் தோற்றுவித்து, பிறர் ஓவியம் கற்க வழி செய்தார். தாம் மட்டும் ஒதுங்கியே நின்றார்.

நோயில் கிடைத்த ஓய்வு

1924-ல் பெரு நாட்டுக்குப் புறப்பட்ட தாகூர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அவரை உபசரித்தார். அங்கே அவர் எழுதிய கவிதைகள் பின்னர் 'பூரபி' என்ற நூலாயின. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஒகாம்போ வியந்து போனார். அடித்த சொற்களெல்லாம் கோடுகளால் இணைந்து பறவையாகவும், விலங்காகவும், விசித்திர முகமாகவும் மாறியிருந்தன.

சில ஆண்டுகளில் அந்தக் கோடுகள் கவிதையை விட்டுப் பிரிந்து தனி ஓவியங்களாயின. அப்போது தாகூருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். மைப்பேனாவும் வண்ண மைகளுமே அவருக்குக் கருவிகள். விரலாலும் துணியாலும்கூட மையைத் தேய்த்துவிடுவார். ஒரே மூச்சில் வரைந்து முடிப்பார்.

முறைப்படி கற்றவர்கள் அவற்றில் பிழை காணலாம். உடலுக்கும் தலைக்கும் பொருத்தம் இராது; கைகால்கள் சரியாக அமையா. ஆனால் முக்காடிட்ட பெண்ணின் நீண்ட முகமும், இருளிலிருந்து நம்மையே நோக்கும் கண்களும் பார்த்தவர் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. கைப்பழக்கம் இல்லாததால் கோடு தயங்குகிறது. அந்தத் தயக்கத்திலேயே துயரம் தெரிகிறது. மனைவியையும், ஒரு மகளையும், இளைய மகனையும் 1902 முதல் 1907-க்குள் பறிகொடுத்தவர் அவர். அந்த முகங்களுக்குப் பெரும்பாலும் அவர் பெயர் சூட்டவில்லை.

பாரிஸில் முதல் காட்சி

1930 மே மாதம் ஒகாம்போவின் முயற்சியால் பாரிஸில் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. தொடர்ந்து லண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களிலும் படங்கள் வைக்கப்பட்டன. கவிஞர் என்று மட்டுமே அறிந்திருந்த ஐரோப்பா, அறுபத்தொன்பது வயதில் அவரை ஓவியராகவும் கண்டது. பெர்லின் தேசியக் கலைக்கூடத்துக்கு அவர் ஐந்து படங்களை அன்பளிப்பாக அளித்தார்.

ஏழே ஆண்டுகளில் காலம் மாறியது. கலையில் ஒழுங்கான உடலும் பிசகில்லாத வடிவமும்தான் இருக்கவேண்டும் என்று நாஜி ஆட்சியினர் விதித்தனர். அதற்கு ஒத்துவராதவை சீரழிந்த கலை என்று ஒதுக்கப்பட்டன. 1937-ல் தாகூரின் படங்களும் அந்தக் கலைக்கூடத்திலிருந்து அகற்றப்பட்டன. குறை என்று எதைச் சொல்வது என்பது வெறும் ரசனை விஷயம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

தாகூர் தளரவில்லை. கண்பார்வை மங்கிய காலத்திலும் வரைந்தார். 1940-ல் 'சித்ரலிபி' என்ற ஓவியத் தொகுப்பு வெளிவந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட் 7-ந் தேதி, பிறந்த மாளிகையிலேயே காலமானார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கு மேல்.

1976-ல் இந்திய அரசு அவற்றைக் கலைச் செல்வமாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லத் தடை விதித்தது. பென்சிலைவிட ரப்பரை அதிகம் தேய்த்தவரின் கோடுகளுக்கு இன்று சட்டமே காவல் நிற்கிறது.