மேடு ஏறக் கற்றுத்தந்தவர்

ஆண்டு மலருக்கு யாராவது ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தாருங்கள் அண்ணா என்று பேரவைத் தம்பி ஒருவர் கேட்டபோது, அவர் எந்தப் பெயர்களை எதிர்பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் மாணவனாக இருந்த காலத்தில் இம்மலரில் அப்பெயர்களைப் பற்றித்தான் எழுதினேன். இம்முறை ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் போல் த விவி. ஊர் அவரை வெலோசியோ என்ற புனைபெயரில்தான் அறிந்தது. மிதிவண்டியில் மலையும் பள்ளத்தாக்குமாகச் சுற்றித் திரிந்தவர். அப்படிச் சுற்றுவதைச் சாதாரண மனிதர்களுக்கும் ஆகிற காரியமாக்கியவர்.

அவரை நான் தேடிப் படித்ததற்கு ஓர் அவமானம் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016இல் நண்பர்கள் சிலருடன் கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு மிதிவண்டியில் கிளம்பினேன். சிலாங்கூர் ஆற்றையும் அணைக்கட்டையும் ஒட்டி ஏறும் பாதை. சுமார் 40 கிலோமீட்டர். எனக்கு அப்போது வயது 46. வண்டியில் இருபது கியர் இருந்தது. ஆனால் இளைஞர்கள் முன்னால் போகும்போது சிறிய கியருக்கு இறங்குவது தோல்வி என்று நினைத்து, பெரிய கியரிலேயே மிதித்தேன். பாதி வழியில் இரு தொடைகளும் பிடித்துக்கொண்டன. ஒரு காய்கறி லோரிக்காரர் இரக்கப்பட்டு என்னையும் வண்டியையும் கீழே கொண்டுவந்து விட்டார். முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தபோது அப்பாவின் நினைவு வந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகும்போது மேட்டில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாக நான் பார்த்ததில்லை. அந்த வெட்கம் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

வெலோசியோ 1853இல் பிரான்சின் தென்பகுதியில், வோக்லூஸ் மாவட்டத்துப் பெர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். நன்றாகப் படித்தவர். கிரேக்க, இலத்தீன் நூல்களில் கடைசிவரை ஈடுபாடு இருந்தது. தொழில் பட்டு வணிகம். வாழ்ந்த ஊர் செயிண்ட் எத்தியேன். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்கம், துப்பாக்கித் தொழிற்சாலை, நாடா நெசவு எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கொண்டிருந்த புகை மண்டிய நகரம் அது. ஆனால் நகரத்தின் தெற்கு எல்லையிலேயே பிலா மலைத்தொடர் தொடங்கிவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து மிதித்தால் சற்று நேரத்தில் மேடு. இந்த ஊரில் ஒருவர் மிதிவண்டி வாங்கினால் மலையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

அவர் முதல் வண்டியை 1881இல், 28 வயதில் வாங்கினார். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் அதில் கால்வாசியும் இருந்த பழைய வகை வண்டி. அதிலிருந்து மீளவே இல்லை. 1887இல் பட்டு வணிகத்தை விட்டுவிட்டு மிதிவண்டிக் கடை வைத்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்திலிருந்து வண்டிகளைத் தருவித்து விற்றார். அதே ஆண்டில் ஒரு மாத இதழும் தொடங்கினார். அதுதான் பின்னர் லெ சிக்லிஸ்த் என்ற பெயரால் புகழ் பெற்றது. நன்றாக நடந்த தொழிலை விட்டு, அன்று பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாக மட்டும் கருதப்பட்ட பொருளை நம்பி ஒரு குடும்பத்தலைவர் இறங்கினார் என்றால், நம் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1889இல் சொந்தத் தயாரிப்பாக லா கோலுவாஸ் என்ற வண்டியையும் கொண்டுவந்தார்.

அந்நாளைய வண்டிகளுக்கு ஒரே கியர். மிதிக்கும் இடத்துப் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் சமவெளியில் பறக்கலாம், மேட்டில் நின்றுவிடும். சிறிதாக இருந்தால் மேட்டில் ஏறலாம், சமவெளியில் கால்தான் சுற்றும், வண்டி நகராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். ஊருக்கு மேலே உள்ள கணவாயில் வெலோசியோ ஒருநாள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய இதழின் வாசகர் ஒருவர் சுங்கான் புகைத்தபடி நிதானமாக அவரைத் தாண்டிப் போனாராம். அந்த வாசகருடைய வண்டியில் சிறிய கியர். இது 1889இல் நடந்ததாகச் சொல்வார்கள். கதையில் மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கிறது. ஓர் இதழாசிரியர் தம் வாசகரிடம் தோற்று, அதை மறைக்காமல், அதிலிருந்து ஒரு வேலையைத் தொடங்கினார் என்பதால்.

அதன்பின் அவர் செய்தது முழுக்க முழுக்கப் பரிசோதனை. முதலில் முன்பக்கம் இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தினார். மேடு வந்தால் இறங்கி, சங்கிலியைக் கையால் தூக்கி மாற்ற வேண்டும். பிறகு வண்டியின் இருபக்கமும் இரண்டு சங்கிலிகள். பிறகு ஓடும்போதே சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் அமைப்புகள். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அவரைச் சுற்றி ழொவானி பானெல் போன்ற கைவினைஞர்கள் இருந்தார்கள். வெலோசியோவின் பங்கு வேறு: எந்தக் கருவி வந்தாலும் அதை மலைமேல் கொண்டுபோய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதை ஒளிக்காமல் இதழில் எழுதினார். சக்கரத்தையும் விடவில்லை. சிறிய சக்கரமும் பருத்த டயரும் கரடுமுரடான கிராமச் சாலைக்கு ஏற்றவை, வேகத்தையும் குறைப்பதில்லை என்று வாதிட்டார். மெல்லிய டயர்தான் வேகம் என்று நூறாண்டு நம்பிய உலகம் இப்போது பருத்த டயருக்குத் திரும்பியிருக்கிறது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கியர் மாற்றுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. 1902இல் பிரான்சின் டூரிங் கிளப் பிரெனே மலையில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. மார்த் ஹெஸ் என்ற பெண்மணி கியர் மாற்றும் கோலுவாஸ் வண்டியில் கலந்துகொண்டு, தூர்மலே கணவாயைக் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறினார். இதற்குப் பின்னும் பந்தய உலகத்தின் பெருந்தலையான ஆன்ரி தெகிரான்ஜ் மனம் மாறவில்லை. கியர் மாற்றும் வண்டி 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் உகந்தது, தசையின் வலிமையால் வெல்வதுதான் அழகு என்ற பொருளில் எழுதினார். இதைப் படித்தபோது லோரியும் முட்டைக்கோசும் என் கண்முன் வந்தன. எனக்குள் உட்கார்ந்து பெரிய கியரை விடாதே என்று சொன்னவர் இந்தத் தெகிரான்ஜ்தான் போலும்!

அவர் 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம், அந்த முதல் ஆண்டிலேயே வெலோசியோவின் கணவாயைத் தாண்டிச் சென்றது. ஆயிரம் மீட்டரைக் கடந்த அப்பந்தயத்தின் முதல் கணவாய் அது. வீரர்கள் ஒரே கியரில் ஏறினார்கள். அதே ஊரில் அதற்கு மாற்று இருந்தது. ஆனால் இன்று நாம் அறிந்த கியர் மாற்றியை டூர் பந்தயம் 1937இல்தான் அனுமதித்தது. அப்போது வெலோசியோ இறந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

பந்தயம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களுடன் இரவெல்லாம் மிதித்து, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தாம் பிறந்த தெற்குப் பக்கம் இறங்குவார். அந்தப் பயணங்களிலிருந்து திரண்டவை அவர் வகுத்த ஏழு விதிகள். அடிக்கடி நிற்காதே, நின்றால் நெடுநேரம் நிற்காதே என்று தொடங்கும் அவை, குளிருமுன் போர்த்திக்கொள்வது, பயணத்தில் மது, புலால், புகையிலையை விலக்குவது, பசியும் தூக்கமும் கெடும் அளவுக்குக் களைக்காமல் இருப்பது, முதல் சில மணி நேரத்தில் சக்தியைக் கொட்டிவிடாமல் இருப்பது என்று போகும். பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகம் வருமுன் குடிக்க வேண்டும் என்பதும் உண்டு. பசித்துப் புசி என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் நீண்ட தூரம் மிதித்தவர்களுக்குத் தெரியும், பசி தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஏழாவது விதி, வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது. அதை நான் தனியே ஒரு தாளில் எழுதி மிதிவண்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

2018இல் வேலை நிமித்தமாக லியோன் நகருக்குப் போக வாய்த்தது. ஒரு சனிக்கிழமை ரயிலேறி செயிண்ட் எத்தியேனில் இறங்கி, வாடகை வண்டி ஒன்றில் அந்தக் கணவாய்க்குப் புறப்பட்டேன். குடியரசுக் கணவாய் என்று அதற்குப் பெயர். பெருங்காட்டுக் கணவாய் என்றும் சொல்வார்கள். உயரம் 1161 மீட்டர். பிளான்ஃபுவா என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஊசியிலைக் காடு இருபுறமும் சூழ்ந்துகொள்கிறது. தொடக்கத்திலேயே வண்டியின் மிகச் சிறிய கியரைப் போட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு மூதாட்டி என்னைக் கடந்து போனார். தலையை அசைத்துவிட்டுப் போனார். நானும் அசைத்தேன். தொடை பிடிக்கவில்லை.

உச்சியில் வெலோசியோவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கல்லைவிட அந்த இடத்தின் அமைப்புத்தான் என் மனத்தில் நின்றது. ஏறிவந்த பக்கத்து மழைநீர் ஃபுரான் ஆற்றில் சேர்ந்து, லுவார் நதி வழியே அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் தேயோம் ஆற்றில் இறங்கி, ரோன் வழியே மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. புகை நகரத்துக்கும் தாம் பிறந்த தெற்குச் சீமைக்கும் நடுவே இருந்த சுவர் இது. வாழ்நாள் முழுதும் இதை எத்தனை முறை ஏறினாரோ! 1922இல் அவர் பெயரால் ஒரு நாள் குறித்து, ஊர் மக்கள் ஆணும் பெண்ணும் கிழவரும் சிறுவரும் கூட்டமாக இந்த மேட்டை மிதித்து ஏறத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு 69 வயது. அவரும் ஏறினார்.

1930இல், 76ஆம் வயதில், செயிண்ட் எத்தியேன் தெருவில் வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போகும்போது, வந்த ஒரு வாகனத்துக்கு ஒதுங்கப் போய் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். எத்தனையோ மலைச்சரிவுகளில் இருட்டில் இறங்கிய மனிதர். 1947 முதல் ஈஸ்டரின்போது மிதிவண்டிக் குழுக்கள் பல திசைகளிலிருந்தும் 24 மணி நேரம் ஓட்டி, தெற்கே ஓரிடத்தில் கூடுகின்றன. அந்த ஓட்டத்துக்கு வெலோசியோ அம்பு என்று பெயர்.

நான் மறுபக்கம் இறங்கினேன். காடு விலகி, பூர்க் அர்ஜான்தால் ஊரின் கூரைகள் தெரிந்தன. தேயோம் ஆறு ஒருமுறை வலப்புறமும் ஒருமுறை இடப்புறமுமாகக் கூடவே வந்தது. காற்றில் வெப்பம் கூடிக்கொண்டே போனது. மோன்கோல்ஃபியே சகோதரர்கள் 1783இல் வெப்பக்காற்றுக் கூண்டைப் பறக்கவிட்ட அனோனே நகரம் வருமுன், ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டியைச் சாய்த்தேன். பையிலிருந்த ரொட்டியை எடுத்துத் தின்றேன். இன்னும் பசிக்கவில்லை.