லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 - மார்ச் 2, 1902) கிழக்கிந்தியக் கம்பனியின் படைத்துறை அதிகாரியும் ஒளிப்படக்கலை முன்னோடியும் ஆவார். 1858 ஆம் ஆண்டில் இவர் எடுத்த படங்கள் மதுரையின் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அடங்கும்.

வாழ்க்கை

டிரைப் இங்கிலாந்திலுள்ள டெவன்போர்ட்டில் பிறந்தார். இளவயதிலேயே கம்பனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைக் கற்றார். 1854 இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம்பிடித்தார். 1855 இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார். 1856 இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார்.

மதுரைப் படங்கள்

1858 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிரைப் மதுரையில் பணியாற்றினார். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம், வைகை ஆறு, யானைமலை ஆகியவற்றைப் படம்பிடித்தார். நாயக்கர் அரண்மனை பிற்காலத்தில் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன்பு அது சிதைந்து கிடந்த நிலையை இப்படங்களில் காணலாம்.

ஒளிபடும் நேரம்

டிரைப் மெழுகு பூசிய காகிதத்தை எதிர்ப்படமாகப் பயன்படுத்தினார். இக்காகிதத்தின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. எனவே வில்லையின் மூடியை அகற்றிப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நேரத்தில் அசையாது நின்றவை மட்டுமே தெளிவாகப் பதிந்தன. நடந்து சென்ற மனிதர்களும் மாடுகளும் மங்கிப்போயினர், அல்லது தடமின்றி மறைந்தனர். வானமும் வெறுமையாகப் பதிந்ததால், எதிர்ப்படத்தின் மீது மேகங்களை அவர் கையால் தீட்டியதுண்டு.

ஆகவே, இப்படங்களில் காணப்படும் ஆளில்லாத மதுரையைக் கைவிடப்பட்ட நகரம் எனக் கருதுவது பிழையாகும். கண் கண்ட மக்கள் கூட்டத்தை அன்றைய கருவியால் பதிவு செய்ய இயலவில்லை என்பதே உண்மை.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இந்நிலை தலைகீழானது. 1878 இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் விரைவான ஷட்டர்களைப் பயன்படுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருகணம் நிலத்தில் படாதிருப்பதைப் படமாக்கினார். கண்ணுக்குத் தப்பியதைக் கருவி காட்டியது. இன்று அலங்காநல்லூர் வாடிவாசலில் பாயும் காளையை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் உறையவைத்துப் படமெடுக்க முடிகிறது. டிரைப்பின் கருவியில் அதே காளை ஒரு நிழலாகக்கூடப் பதிந்திராது.

பிற்காலம்

1859 இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்ல்ஸ் டிரெவெல்யன், ஒளிப்படப் பணியை வீண் செலவாகக் கருதினார். 1860 அளவில் அப்பணி முடிவுக்கு வந்தது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன் பின்னர் அவர் மிகச் சில படங்களையே எடுத்தார். ஓய்வுக்குப் பின் டெவன்போர்ட்டில் வாழ்ந்து அங்கேயே காலமானார். இவரது படங்களின் சிறப்புக் கண்காட்சி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களில் நடைபெற்றது.