ரைன் நதிக்கரையில் ஒரு கன்னியர் மடம்

பூகோளப் பாடத்தில் ரைன் நதியை நீங்கள் வரைபடத்தில் குறித்திருப்பீர்கள். ஜெர்மனி நாட்டில் பிங்கன் என்னும் ஊரருகே நாஹே என்ற சிறு நதி வந்து அதில் கலக்கிறது. இரு நதிகளும் கூடும் அந்த இடத்தில், மேட்டின்மேல், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அதைக் கட்டி எழுப்பிய தாயார் புனித ஹில்டெகார்ட். நூல்கள் எழுதியவர், பாடல்கள் இயற்றியவர், மூலிகைகளின் குணம் அறிந்தவர், பேரரசருக்கும் பாப்பரசருக்கும் அஞ்சாமல் கடிதம் எழுதியவர் என்றெல்லாம் பெரிய புத்தகங்கள் அவரைப் பற்றிப் பேசும். 2012-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற நான்காவது பெண்மணி அவர். ஆனால் அந்தப் பெருமைகளை எல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, அவருடைய மடத்தில் நாள்தோறும் என்ன நடந்தது, ஒருநாள் அதிலிருந்து எது பறிக்கப்பட்டது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஹில்டெகார்ட் 1098-ஆம் ஆண்டில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்தாவது குழந்தை என்பர். விளைச்சலில் பத்தில் ஒன்று ஆண்டவருக்கு என்பதுபோல, பத்தாவது பிள்ளையும் ஆண்டவருக்கே என்று எண்ணினார்களோ என்னவோ, எட்டு வயதிலேயே அவரை இறைவனுக்கென்று நேர்ந்துகொண்டார்கள். அடிக்கடி நோயில் விழும் குழந்தை அது. 1112-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர்களின் திருநாளன்று, யுத்தா என்னும் உயர்குலப் பெண்ணோடு அவர் துறவு இல்லம் புகுந்தார். டிஸிபோடன்பெர்க் என்ற குன்றில் ஆண் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அதை ஒட்டிய சிறிய இல்லத்தில் இவர்கள் அடைபட்டார்கள். அப்போது ஹில்டெகார்டுக்கு வயது பதினான்கு. நம்மில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மாணவிக்கு என்ன வயதோ, அந்த வயதுதான்.

யுத்தா அவருக்குச் சங்கீதங்களைப் பாடவும் தந்தி வாத்தியம் மீட்டவும் கற்றுக்கொடுத்தார். அன்பான ஆசிரியை. ஆனால் தம் உடலை வருத்திக்கொள்வதில் கடுமையானவர். 1136-ஆம் ஆண்டு யுத்தா இறந்தபோது உடலைக் கழுவி அடக்கத்திற்கு ஆயத்தம் செய்த சீடப் பெண்கள், அவர் இடுப்பில் சங்கிலி அணிந்திருந்த தழும்பைக் கண்டார்கள். அவர்களுள் ஹில்டெகார்டும் ஒருவர். அடுத்த தலைவியாகக் கன்னியர் அவரையே தேர்ந்துகொண்டார்கள். அந்தக் கடுமையை அவர் தம் கன்னியர்மேல் சுமத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அளவறிந்து நடப்பதே புண்ணியங்களுக்குத் தாய் என்பது அவர் கொள்கை. நோன்பில் மெலிந்து போனவர்களுக்கு அவர் எழுதிய அறிவுரைகளிலும் இதையே காண்கிறோம்.

இந்த அளவறிவு புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூலிலிருந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட அச்சிறு நூலைத்தான் அந்தச் சபையின் மடங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. ஹில்டெகார்ட் அதற்கு ஒரு விளக்கவுரையே எழுதினார். நள்ளிரவு கடந்ததும் எழுந்து ஒரு முறை, பகலில் ஏழு முறை, ஆக எட்டு முறை கோவிலில் கூடிக் கட்டளைச் செபம் பாட வேண்டும். சங்கீதங்கள் 150-ம் ஒரு வாரத்திற்குள் பாடி முடிய வேண்டும். நடுநடுவே கைவேலையும் வாசிப்பும். உணவு வேளையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் கேட்டபடி உண்ண வேண்டும்.

நன்றி என்பதை அந்நூல் தனியோர் அதிகாரமாகப் போதிக்கவில்லை. சில்லறை வேலைகளுக்குள் அதை ஒளித்து வைத்திருக்கிறது. சமையலறை வேலை ஒவ்வொரு வாரமும் முறைவைத்து மாறும். முறை முடிகிறவர் பாத்திரங்களைத் துலக்கி, துண்டுகளைத் துவைத்து ஒப்படைக்க வேண்டும். முறை முடிகிறவரும் புதிதாக ஏற்கிறவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். ஞாயிறு காலைச் செபம் முடிந்ததும், முடித்தவர் எல்லோர் முன்னும் பணிந்து, தமக்குத் துணைநின்ற இறைவனைப் புகழ்ந்து மும்முறை சொல்ல வேண்டும். ஒரு வாரம் அடுப்படியில் நின்றதற்குக் கோவிலில் நன்றி! நம் வீடுகளில் நம் தாய்மார் ஆண்டு முழுவதும் நிற்கிறார்கள், கேட்பார் யார்?

வாசல் காப்பவருக்கும் ஒரு விதி உண்டு. கதவு தட்டும் சத்தம் கேட்டதும், வந்தவர் யார், என்ன வேண்டும் என்று விசாரிப்பதற்கு முன்னே இறைவனுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். வந்திருப்பவர் பிரபுவாகவும் இருக்கலாம், பிச்சை கேட்பவராகவும் இருக்கலாம். பண்டகசாலைப் பொறுப்பாளர் மண்வெட்டியையும் குடத்தையும் பீடத்துப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும். நாட்டின் நிலையால் திராட்சை இரசம் கிடைக்காத இடங்களில் இருப்பவர்கள், முணுமுணுக்காமல் கடவுளைப் போற்ற வேண்டும். முணுமுணுப்பை மட்டும் அந்நூல் எங்குமே மன்னிப்பதில்லை.

இதைப் படிப்பது எளிது. ஹில்டெகார்டின் கன்னியருக்கு அது எளிதாக இருக்கவில்லை. டிஸிபோடன்பெர்கில் கன்னியர் தொகை பெருகி இடம் போதாமல் போயிற்று. தனி மடம் அமைக்க வேண்டும் என்ற எண்ணத்தை இறைவனே தமக்கு உணர்த்தினார் என்று ஹில்டெகார்ட் கூறினார். மடாதிபதி கூனோ இசையவில்லை. அன்னையின் புகழாலும், கன்னியர் கொண்டுவந்த சொத்துகளாலும் அம்மடத்திற்கு நன்மை இருந்தது. ஹில்டெகார்ட் படுத்த படுக்கையானார். மடாதிபதி நேரில் வந்து அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்; கல்லைப் போல் அசையவில்லை. அதைக் கண்டு திகைத்து அவர் விடை கொடுத்தார் என வரலாறு சொல்கிறது. ஏறக்குறைய 1150-இல், சுமார் 20 கன்னியரோடு அன்னை ரூபர்ட்ஸ்பெர்க் என்ற அந்த நதிக்கரை மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. செல்வ வீடுகளில் வளர்ந்த பெண்கள் வசதியற்ற இடத்தில் குளிரையும் பற்றாக்குறையையும் தாங்க வேண்டியதாயிற்று. முணுமுணுப்பு எழுந்தது. சிலர் விட்டுப் போனார்கள். அன்னை பெரிதும் நேசித்த, எழுத்துப் பணியில் துணைநின்ற ரிக்கார்டிஸ் என்ற கன்னியும் வேறொரு மடத்திற்குத் தலைவியாகப் புறப்பட்டார். அவரைத் திரும்பப் பெற அன்னை பேராயருக்கும் பாப்பரசருக்கும்கூட எழுதிப் பார்த்தார், பயனில்லை. 1152-இல் ரிக்கார்டிஸ் இறந்த செய்திதான் வந்தது. திரும்பி வரவே அவர் விரும்பியிருந்தார் என்று உடன்பிறந்தவர் எழுதியிருந்தார். புனிதர்கள் அழுவதில்லை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

இருந்தும் மடம் வளர்ந்தது. 1177-இல் அங்கு வந்து தங்கிய கிபெர்ட் என்னும் துறவி தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். சுமார் 50 கன்னியர் இருந்தார்கள். கட்டடங்கள் ஆடம்பரமின்றி விசாலமாக இருந்தன. வேலைக்கூடங்களுக்கெல்லாம் குழாய் வழியே தண்ணீர் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குழாய்த் தண்ணீர்! திருநாள்களில் அமைதியாக அமர்ந்து வாசிப்பார்கள், பாட்டுப் பயில்வார்கள். வேலை நாள்களில் நூல்களைப் படியெடுப்பார்கள், உடைகள் நெய்வார்கள். தாய்க்கும் மக்களுக்கும் இடையே இருந்த அன்பைக் கண்டு அவர் வியந்திருக்கிறார். இதற்குள் நதிக்கு அக்கரையில் ஐபிங்கனில் இன்னொரு மடமும் 1165-இல் ஏற்பட்டிருந்தது. வாரம் இருமுறை படகேறி அங்கே போய்வந்தார் அன்னை.

குறையும் சொல்லியாக வேண்டும். அன்னையின் மடத்தில் உயர்குலப் பெண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டவர் மீனவரை அழைத்தவராயிற்றே என்று மற்றொரு மடத்துத் தலைவி கேட்டு எழுதினார். பலவகைக் கால்நடைகளை ஒரே கொட்டிலில் அடைப்பாருண்டோ என்பதாக அன்னை பதில் தந்தார். அந்தப் பதில் அன்றைய ஜெர்மனிக்குச் சரியாகப் பட்டிருக்கலாம். கேள்வி கேட்ட தலைவியின் பக்கமே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த மடத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது பாட்டு. அன்னை இயற்றிய எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. புண்ணியங்களே பாத்திரங்களாக வரும் ஓர் இசை நாடகமும் எழுதினார். அதில் எல்லோரும் பாடுவார்கள். சாத்தானுக்கு மட்டும் பாட்டுக் கிடையாது, கத்தத்தான் தெரியும்.

1178-இல், அன்னைக்கு எண்பது வயதில், சோதனை வந்தது. மடத்தின் கல்லறைத் தோட்டத்தில் பிரபு குலத்தவர் ஒருவரை அடக்கம் செய்திருந்தார்கள். அவர் ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால் சாகுமுன் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்று, திருச்சபையோடு ஒப்புரவாகி இறந்தார். இதை ஏற்காத மைன்ஸ் நகரத்துக் குருக்கள், உடலைத் தோண்டி எடுத்து வெளியே எறியும்படி ஆணையிட்டார்கள். பேராயரோ தொலைவில் இத்தாலியில் இருந்தார். அன்னை மறுத்தார். தள்ளாத வயதில் கோலூன்றிக் கல்லறைக்குச் சென்று சிலுவை அடையாளம் வரைந்து, இடம் தெரியாதபடி மேடுகளை அழித்துவிட்டார்.

தண்டனை உடனே வந்தது. மணி அடிக்கக் கூடாது. நற்கருணை இல்லை. கட்டளைச் செபத்தைப் பாடக் கூடாது. கதவை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசிக்கலாம். நாளுக்கு எட்டு முறை பாடியே வாழ்ந்தவர்கள் முணுமுணுவென்று வாசிக்கும் நிலைக்கு வந்தார்கள். அன்னை இந்தத் தடைக்குக் கீழ்ப்படிந்தார். கல்லறையைத் தோண்டும் ஆணைக்கு மட்டும் கீழ்ப்படியவில்லை. மனந்திரும்பி இறந்தவரை வெளியே எறிவது அவர் பெற்ற அருளடையாளங்களையே அவமதிப்பதாகும் என்பது அவர் மனச்சாட்சி.

அவர் வாளாவிருக்கவுமில்லை. இயலாத கட்டளை வந்தால் அதன் காரணத்தைத் தலைவரிடம் பொறுமையோடு எடுத்துரைக்கலாம் என்று ஒழுங்கு நூலே இடம் தருகிறது. அது முணுமுணுப்பாகாது. மைன்ஸ் குருக்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஆதாம் பாவம் செய்யுமுன் வானதூதரோடு சேர்ந்து பாடிய குரலைத்தான் மனிதர் இசையில் தேடுகிறார்கள். அதனால் சாத்தானுக்கு இசை பொறுப்பதில்லை. தக்க காரணமின்றி இறைபுகழை அடக்குகிறவர்களுக்கு வானகப் பாடலில் பங்கிராது என்ற கருத்துப்பட எழுதினார். எண்பது வயது மூதாட்டியின் கையில் வேறு ஆயுதம் இல்லை.

கொலோன் பேராயர் பிலிப் துணைக்கு வந்தார். இறந்தவருடன் ஒரே வேளையில் மன்னிப்புப் பெற்ற ஒரு வீரர் சாட்சி சொன்னார். தடை தளர்ந்தது, பிறகு இத்தாலியிலிருந்து வந்த கட்டளையால் மீண்டும் இறங்கியது. அன்னை மறுபடி எழுதினார். 1179 மார்ச் மாதத்தில் மைன்ஸ் பேராயர் கிறிஸ்தியான் தடையை நீக்கினார். கன்னியர் மீண்டும் வாய்திறந்து பாடினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், தம் மக்கள் சூழ்ந்திருக்க அன்னை உயிர்நீத்தார்.

ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தை 1632-இல் சுவீடன் நாட்டுப் படை எரித்தது. அன்னையின் திருப்பண்டங்கள் இன்று ஐபிங்கன் கோவிலில் உள்ளன. ஊருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களின் நடுவே எழுந்த புதிய மடத்தில் 1904-இல் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் குடியேறினார்கள். 1941-இல் நாத்சி அரசு அவர்களை வெளியேற்றியது. போர் முடிந்த 1945-இல் திரும்பி வந்தார்கள். திராட்சை பயிரிட்டு, கட்டளைச் செபம் பாடி வாழ்கிறார்கள்.

அவர்கள் செய்த ஒரு காரியம் உண்டு. அன்னையின் தரிசன நூலுக்குப் பொன்னும் வண்ணமும் தீட்டிய பழம் ஏட்டுப் பிரதி ஒன்று இருந்தது. 1927 முதல் 1933 வரை ஐபிங்கன் கன்னியர் சிலர் அமர்ந்து, அதை எழுத்துக்கு எழுத்து, படத்துக்குப் படம், தோல் ஏட்டில் கையாலேயே படியெடுத்தார்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று டிரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்ட மூலப்பிரதி 1945-இல் காணாமல் போயிற்று. இன்று புத்தகங்களில் நாம் காணும் அந்த வண்ணப் படங்கள், கன்னியரின் கைப்பிரதியிலிருந்து எடுத்தவை.