எம். ஜி. இராமச்சந்திரன்

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் (ஜனவரி 17, 1917 – டிசம்பர் 24, 1987) தமிழ்த் திரைப்பட நடிகரும் தயாரிப்பாளரும் இயக்குநரும் அரசியல்வாதியும் ஆவார். பரவலாக எம். ஜி. ஆர். என அழைக்கப்பட்ட இவர், 1977 முதல் இறக்கும் வரை, 1980இல் சில மாதங்கள் நீங்கலாக, தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவி வகித்தார். குறையே இல்லாத நாயகன் என்னும் உருவைத் தமிழ்த் திரையில் நிலைநிறுத்தியவர் இவரே. அறிபுனைச் சாயல் கொண்ட தமிழ்த் திரைப்படங்களில் முன்னோடியான இரண்டு இவர் நடித்தவை. இவர் இறுதியாகப் போட்டியிட்ட தொகுதி, இன்றைய தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் வட்டாரத்தை ஒட்டிய ஆண்டிப்பட்டி ஆகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

இலங்கையின் மலைநாட்டில், கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தாயார் பெயர் சத்தியபாமா. தந்தை இறந்த பின்னர் குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. வறுமையால் பள்ளிப் படிப்பு இடையில் நிற்க, அண்ணன் எம். ஜி. சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி (1936) இவரது முதல் திரைப்படம். நாயகனாக உயர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. அவ்வாய்ப்பை அளித்தது ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய ராஜகுமாரி (1947). 1953இல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். தாமே தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்த நாடோடி மன்னன் (1958) பெருவெற்றி பெற்றது.

குறையற்ற நாயகன்

இவரது நாயகர்கள் பெரும்பாலும் மது அருந்துவதில்லை, புகைப்பதில்லை. தாயை வணங்குவர், பெண்களைக் காப்பர், ஏழைகளுக்காக வாதாடுவர், சண்டையில் தோற்பதில்லை. மீனவர், ரிக்சா ஓட்டுநர், உழவர் என வேடம் எதுவாயினும் உள்ளிருக்கும் மனிதர் ஒருவரே. இவ்வுருவை அவர் தனியாக உருவாக்கினார் எனக் கூற இயலாது. இரசிகர்களும் அதற்குக் காவலராக இருந்தனர். பாசம் (1962) படத்தின் இறுதியில் நாயகன் இறப்பதை அவர்கள் ஏற்கவில்லை. அவரது 100வது படமான ஒளிவிளக்கு (1968) விதிவிலக்காக நாயகனைக் குடிக்கும் திருடனாகக் காட்டியது. ஆனால் அங்கும் அவரது மனச்சாட்சியே பல உருவங்களில் தோன்றி அவரைக் கண்டித்துப் பாடுகிறது. தவறு செய்ய அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. நல்ல நடிகர் ஒருவர் தம் இரசிகர்களின் அன்புக்குக் கொடுத்த விலை இது என்றே கூற வேண்டும்.

அறிபுனைத் திரைப்படங்கள்

ஏ. காசிலிங்கம் இயக்கிய கலை அரசி (1963), வேற்றுக்கோள் வாசிகளைக் காட்டிய தொடக்ககால இந்தியத் திரைப்படங்களுள் ஒன்றாகும். அறிவியலில் சிறந்தும் கலையில் வறண்டும் போன கோளிலிருந்து பறக்கும் தட்டில் வருவோர், இசையும் நடனமும் கற்பிப்பதற்காகப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். கவர்பவராக எம். என். நம்பியாரும் கவரப்படும் வாணியாக பி. பானுமதியும் நடித்தனர். அவளை மீட்பவன் மோகன் என்னும் உழவன். அக்கோளின் கோமாளியாகவும் எம். ஜி. ஆரே நடித்தார்.

உலகம் சுற்றும் வாலிபன் (1973) இவரே தயாரித்து இயக்கியது. ஒசாக்காவில் நடைபெற்ற எக்ஸ்போ 70 கண்காட்சியிலும், ஆங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து உள்ளிட்ட இடங்களிலும் படமாக்கப்பட்டது. மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் முறையைக் கண்டறியும் முருகன் என்ற அறிவியலாளர், அது அழிவுக்குப் பயன்படலாம் என அஞ்சி, குறிப்புகளை அழித்துவிட்டதாக அறிவிக்கிறார்; உண்மையில் அவற்றைப் பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு நாடுகளில் உள்ள நண்பர்களிடம் ஒப்படைத்துள்ளார். பேராசை கொண்ட மற்றோர் அறிவியலாளர் (எஸ். ஏ. அசோகன்) அவரது மனநிலையைப் பிறழச் செய்து கடத்துகிறார். அவரைத் தேடி வருபவர் தம்பி ராஜு. இரு வேடங்களும் எம். ஜி. ஆருக்கே.

இங்கு இரட்டை வேடம் வெறும் கவர்ச்சிக்காக அமைந்ததன்று. அறிபுனைக் கதையில் அறிவியலாளர் எதையேனும் இழந்தாக வேண்டும், எம். ஜி. ஆரோ திரையில் தோற்கக் கூடாது. அண்ணன் பாதிக்கப்படுகிறார், தம்பி வெல்கிறார். இரண்டும் ஒரே முகம். கலை அரசியிலும் ஏறக்குறைய இதே உத்தி உண்டு. விலையாக, மின்னல் ஆற்றலைப் பற்றிய கேள்வி படத்தின் பாதிக்குள் மறைந்து, நாயகனின் பயணமே எஞ்சுகிறது.

தற்செயலாக அதே 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பவுலா சிமித் என்பவர், ஸ்டார் டிரெக் தொடரின் இரசிகர்கள் எழுதிய கதைகளைக் கேலி செய்து ஒரு குறுங்கதை வெளியிட்டார். அதில் வரும் மேரி சூ பதினைந்தரை வயதிலேயே விண்கல அதிகாரி, எல்லாவற்றிலும் வல்லவள். அப்பெயரே பின்னர் மிகையான நிறைவு கொண்ட கதைமாந்தருக்குப் பொதுப்பெயராயிற்று. அங்கு நிறைநாயகியைப் படைத்தவர்களும் நகைத்தவர்களும் இரசிகர்களே. தமிழகத்தில் நாயகனைப் படைத்தவர் நடிகர். இரசிகர்களோ நகைக்கவில்லை, கட்சியாகத் திரண்டனர்.

படத்தின் முடிவில் அடுத்த தயாரிப்பாக அறிவிக்கப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு எடுக்கப்படவில்லை. அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018இல், அதே தலைப்பில் அவரது உருவைக் கொண்டு ஓர் அசைபடம் அறிவிக்கப்பட்டது.

அரசியல்

1967இல் நடிகர் எம். ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் காயமுற்று, குரல் மாறியது. அதே ஆண்டு பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். மாறிய குரலுடனேயே தொடர்ந்து நடித்தார். இரசிகர்கள் அதனை ஒரு குறையாகக் கொள்ளவில்லை. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அ.தி.மு.க.வைத் தொடங்கினார். இரசிகர் மன்றங்கள் பல ஊர்களில் அப்படியே கட்சிக் கிளைகளாயின. உலகம் சுற்றும் வாலிபன் 1973 மே 11 அன்று வெளியானது. ஒன்பது நாட்கள் கழித்து நடைபெற்ற திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் புதிய கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் வென்றார். திண்டுக்கல், போடிநாயக்கனூர் இரண்டும் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தன.

முதலமைச்சராக இவர் 1982இல் விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டம் பரவலாகப் பாராட்டப்படுகிறது. எனினும் திரையின் ஏழைப் பங்காளருக்கும் ஆட்சியின் நடைமுறைக்கும் இருந்த இடைவெளியை எம். எஸ். எஸ். பாண்டியன் தி இமேஜ் டிராப் (1992) நூலில் கடுமையாக ஆராய்ந்துள்ளார்.

ஆண்டிப்பட்டியும் போடிநாயக்கனூரும்

1984இல் சிறுநீரகம் செயலிழந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றார். ஒளிவிளக்கு படத்தின் வேண்டுதல் பாடல் திரையரங்குகளில் ஒலிக்கப்பட்டது. தம் உயிரைக் காணிக்கையாக்க முயன்றோரும் உண்டு. அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் ஒரு நாளும் பிரசாரத்துக்கு வராமலே ஆண்டிப்பட்டியில் வென்றார். மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகள் படமாக்கப்பட்டு ஊர்தோறும் திரையிடப்பட்டன. தோற்காத நாயகன் படுக்கையில் இருப்பதை வாக்காளர்கள் கண்டனர். திரையில் ஏற்காததை இங்கு ஏற்றனர்.

1987இல் அவர் மறைந்தபோது வன்முறையும் தற்கொலைகளும் நிகழ்ந்தன. 1988இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. கட்சி பிளவுற்று இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட, 1989 தேர்தலில் மனைவி ஜானகி இரட்டைப் புறா சின்னத்தில் ஆண்டிப்பட்டியிலும், 28 படங்களில் அவருடன் நடித்த ஜெ. ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடிநாயக்கனூரிலும் போட்டியிட்டனர். ஏலத்தோட்டங்களுக்குப் போடிமெட்டு வழியே மலையேறும் கூலித் தொழிலாளர் மிகுந்த இத்தொகுதி, ஜெயலலிதாவை முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்று அரசியலிலிருந்து விலகினார். அதே ஆண்டில் கட்சி மீண்டும் இணைந்து இரட்டை இலையைப் பெற்றது. ஆண்டிப்பட்டியில் 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் வென்றவர் ஜெயலலிதா.